தொட்டுப் படித்தவர்கள்

1

பார்வையற்ற மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தால் அதற்குச் சலுகை என்று பெயர். விடை எழுத ஓர் ஆளைக் கொடுத்தால் அதுவும் சலுகை. பாடப்புத்தகத்தைக் கணினி வாசித்துக் காட்டும்படி மாற்றிக் கொடுத்துவிட்டால் 'சிறப்புச் சலுகை' என்று ஆண்டு மலரில் படம் போட்டுக்கொள்வார்கள். இந்தச் சொல்லை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இடஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் நுழைந்த ஒவ்வொருவரும் காதால் கேட்டதுதான். "சலுகையில வந்ததுதானே" என்று ஒருத்தன் சொல்லி முடிக்கும்போது நாம் வாங்கிய மதிப்பெண், நடந்து வந்த தூரம், கிடந்த பட்டினி எல்லாம் ஒரே வார்த்தையில் அழிந்துபோகும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வகுப்பறையில் ட்யூப்லைட் எரிகிறது. கரும்பலகை இருக்கிறது. நூலகத்தில் இருட்டிய பிறகும் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் கண்பார்வை உள்ளவர்களுக்காகக் கல்லூரி செய்து கொடுத்திருக்கிற ஏற்பாடுகள். பார்வையற்றவருக்கு இவற்றால் ஒரு பைசா பிரயோசனம் கிடையாது. ஆனாலும் இதை யாரும் சலுகைக் கணக்கில் எழுதுவதில்லை. அச்சிட்ட புத்தகமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கண்ணுக்காகச் செய்த ஓர் ஏற்பாடு. பெரும்பான்மைக்குச் செய்தால் வசதி, மற்றவருக்குச் செய்தால் சலுகை என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். அச்செழுத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் படிப்பதற்கான வழிகளைப் பெரும்பாலும் தாங்களே செய்துகொண்டார்கள், இல்லையென்றால் சண்டை போட்டு வாங்கினார்கள். பள்ளியையும் கல்லூரியையும் நடத்தியவர்கள் தங்கள் கண்ணுக்கு வசதியான எழுத்தையே திரும்பத் திரும்ப அவர்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். இருநூறு வருஷத்துக்கும் மேலான கதை இது. இன்றைக்கு நம் கல்லூரிகளில் நடப்பது அதன் தொடர்ச்சி.

2

பார்வையற்ற பிள்ளைகளுக்கான முதல் பள்ளிக்கூடத்தைப் பாரிசில் 1785ல் தொடங்கியவர் வாலண்டின் ஹவுய். அவருடைய முதல் மாணவர் பிரான்சுவா லெசுயர். சர்ச் வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பையன். படிக்க வந்தால் பிச்சைக் காசு போய்விடுமே என்பதால் அந்த வருமானத்தை ஹவுய் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. கல்வி உதவித்தொகை என்ற ஒன்றின் தேவை முதல் மாணவரிடமே தெரிந்துவிட்டது எனலாம்.

ஹவுய் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கொடுத்த எழுத்து பார்வையுள்ளவர்களின் எழுத்து. அதே ரோமன் எழுத்துகளைப் பெரிதாக்கி, தடித்த காகிதத்தில் புடைப்பாக அழுத்திக் கொடுத்தார். ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் நெளிவையும் விரலால் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும். புத்தகமோ தூக்க முடியாத கனம். இதைவிட முக்கியமான குறை, அந்த முறையில் மாணவர்கள் படிக்க முடியுமே தவிர எழுத முடியாது. பிறர் எழுதியதைத் தடவிக்கொண்டிருக்கலாம். தன் பேச்சைத் தானே எழுதிவைக்க வழியில்லை.

அந்தப் பள்ளிக்கு 1819ல் பத்து வயதில் வந்து சேர்ந்தவர் லூயி பிரெயில். 1809ல் கூப்வ்ரே என்ற ஊரில் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் தைக்கிற தோல் வேலைக்காரர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது தோலைக் குத்துகிற ஊசி கண்ணில் பட்டு, காயம் இன்னொரு கண்ணுக்கும் பரவிப் பார்வை போயிற்று. தோல் வேலை அங்கே தீட்டுத் தொழில் இல்லை, அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு நம் கதையோடு இதை ஒட்டவைக்க வேண்டாம். இருந்தாலும் ஒரு தோல் பட்டறையின் குத்தூசியையும், காகிதத்தில் புள்ளி குத்துகிற ஊசியையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சார்ல்ஸ் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி பன்னிரண்டு புள்ளிகளை வைத்து ஒலிகளைக் குறிக்கும் முறை ஒன்றை 1821ல் அந்தப் பள்ளிக்குக் கொடுத்தார். புள்ளி என்ற யோசனை அவருடையது. ஆனால் பன்னிரண்டு புள்ளி விரல் நுனிக்குள் அடங்காது. எழுத்துக்கூட்டலுக்கும் அதில் இடமில்லை. பிரெயில் அதை ஆறு புள்ளியாக்கினார். ஆறு புள்ளி என்பது ஒரு விரல் நுனி ஒரே தொடுதலில் அறியக்கூடிய அளவு. அதில் 63 வடிவங்கள் கிடைக்கும். 1824ல் வேலை ஏறக்குறைய முடிந்தபோது அவருக்கு வயது பதினைந்து. 1829ல் புத்தகமாக வெளியிட்டார். மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். காரணம் சாதாரணம்: வேகமாகப் படிக்கலாம், தானே எழுதலாம், எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தலாம்.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1840ல் அந்தப் பள்ளியின் தலைமைக்கு வந்த தியுஃபோ பிரெயில் எழுத்தைத் தடை செய்தார். புடைப்பெழுத்துப் புத்தகங்களை எரித்தார். மாணவர்கள் கையிலிருந்த எழுதுபலகைகளைப் பறித்தார். அவர் கொண்டுவந்தது ஸ்காட்லாந்திலிருந்து வந்த, இன்னொரு வகை ரோமன் எழுத்து. பார்வையுள்ளவர்களின் எழுத்திலிருந்து வேறான எழுத்து பார்வையற்றவர்களைத் தனிமைப்படுத்திவிடும் என்பது அந்தக் காலத்து வாதம். வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆசிரியருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் மாணவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்கிறார்கள் என்றால் அதிகாரத்துக்கு வேறு எந்தப் பயமும் தேவையில்லை. மாணவர்கள் விடவில்லை. ஆணி, பின்னல் ஊசி, முள்கரண்டி என்று கிடைத்ததை வைத்து ராத்திரியில் புள்ளி குத்தி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசியில் துணைத் தலைமையாசிரியர் குவாதே தியுஃபோவின் மனத்தை மாற்றினார். 1844ல் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் எல்லார் முன்னாலும் மாணவர்கள் பிரெயிலில் எழுதியும் படித்தும் காட்டினார்கள்.

தொடுதலையே குற்றமாக்கிய ஒரு சமூகத்திலிருந்து வந்த நமக்கு, விரல் தொட்டுப் படித்த புத்தகம் எரிக்கப்பட்டது பெரிய ஆச்சரியமாக இருக்காது. பிரெயில் 1852ல் காசநோயில் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து 1854ல்தான் பிரான்சில் அவருடைய எழுத்து அதிகாரபூர்வமாயிற்று. 1952ல் அவருடைய எலும்புகளை எடுத்துப் பாரிசில் தேசப் பெரியோர்களை அடக்கம் செய்யும் பாந்தியோனில் வைத்தார்கள். கைகளை மட்டும் ஊர்க்காரர்கள் கூப்வ்ரேயிலேயே வைத்துக்கொண்டார்கள்.

3

அமெரிக்காவில் இதே சண்டை இன்னும் நீண்டது. பாஸ்டன் எழுத்து, மூன் எழுத்து, நியூயார்க் புள்ளி, அமெரிக்கப் பிரெயில் என்று ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு பள்ளி நிர்வாகிகள் மல்லுக்கட்டினார்கள். ஒரு பள்ளியில் படித்த பிள்ளைக்கு இன்னொரு பள்ளியின் புத்தகம் படிக்க வராது. ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒரே பிரெயிலுக்கு ஒத்துக்கொள்ள 1932 வரை ஆயிற்று.

இந்தியாவுக்குப் பார்வையற்றோர் பள்ளி மிஷனரிகளோடு வந்தது. 1887ல் ஆனி ஷார்ப் அமிர்தசரஸில் தொடங்கியது முதலாவது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பாளையங்கோட்டையிலும் அஸ்க்வித் அம்மையார் தொடங்கிவிட்டார். இங்கேயும் மொழிக்கொன்று, மாகாணத்துக்கொன்று என்று பல புள்ளி முறைகள் கிளம்பின. 1951ல்தான் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகம் வந்ததும் அந்த வருஷம்தான்.

பாரதி பிரெயிலில் 'க' எந்த மொழியானாலும் ஒரே புள்ளி வடிவம். தமிழ் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அச்சில் 'கொ' எழுத முன்னால் கொம்பு, நடுவில் ககரம், பின்னால் கால் என்று பிரிக்கிறோம். பிரெயிலில் அந்தச் சுற்றுவழி கிடையாது. முதலில் ககரம், அடுத்து ஒகரம். காதில் விழுகிற வரிசையிலேயே விரலுக்கும் வருகிறது. மெய்யோடு உயிர் சேர்ந்து பிறக்கிறது என்று இலக்கண வகுப்பில் நாம் மனப்பாடம் செய்ததைப் பார்வையற்ற பிள்ளை ஒன்றாம் வகுப்பிலேயே விரலால் அறிந்துவிடுகிறது.

ஆனால் பிரெயிலுக்கு ஒரு எல்லை இருந்தது. அச்சில் ஒரு புத்தகம் பிரெயிலில் பல தொகுதிகளாகும். பள்ளிப் பாடநூலைத் தட்டுத்தடுமாறி அச்சடித்துவிடலாம். கல்லூரியில் பருவத்துக்கு ஐந்து தாள், தாளுக்குப் பத்துப் பார்வை நூல் என்று வரும்போது யார் அச்சடிப்பது? எனவே கல்லூரிக்கு வந்த பார்வையற்றவர்கள் விரலிலிருந்து காதுக்குப் போனார்கள்.

4

அமெரிக்காவில் 1934லேயே இசைத்தட்டில் பதிந்த பேசும் புத்தகங்கள் வந்துவிட்டன. ஆனால் அவை பெரும்பாலும் பொது வாசிப்புக்கானவை. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்கள், போர் வீரர்களுக்கான கல்விச் சட்டத்தில் கல்லூரிக்குப் போக இடம் கிடைத்தும் பாடநூல் இல்லாமல் நின்றார்கள். அவர்கள் கேட்டு எழுதியதிலிருந்துதான் 1948ல் நியூயார்க் பொது நூலகத்தில் ஆன் மெக்டொனால்டும் மற்றப் பெண்களும் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்யும் வேலையைத் தொடங்கினார்கள். சேர்க்கை கொடுத்துவிட்டுப் புத்தகம் கொடுக்காமல் விடுவது எப்படிப்பட்ட ஏமாற்று என்பதை அந்தச் சிப்பாய்களின் கதை காட்டுகிறது.

மனிதர் வாசிக்க வேண்டுமென்றால் மனிதரின் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். 1976 ஜனவரியில் ரே குர்ஸ்வெயில் ஒரு எந்திரத்தை அறிமுகப்படுத்தினார். அச்சுப் பக்கத்தை அதன்மேல் கவிழ்த்து வைத்தால் எழுத்துகளை அறிந்து குரலில் வாசித்தது. அதைச் சோதித்துத் திருத்தியதில் அமெரிக்கப் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பாடகர் ஸ்டீவி வொண்டர் முதலில் வாங்கியவர்களில் ஒருவர். சாதாரண மாணவர் கனவிலும் வாங்க முடியாத விலை.

பிறகு கணினி வந்தது. திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான்கள் வந்தன. அவற்றில் புகழ்பெற்ற ஜாஸ் என்ற மென்பொருளை 1989ல் கொண்டுவந்த டெட் ஹென்டர் ஒரு கார் விபத்தில் பார்வை இழந்தவர். அதன் விலையும் நம் ஊர் மாணவருக்கு எட்டாத விலைதான். 2006ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பார்வையுள்ளவன் கணினி வாங்கினால் திரைக்குத் தனியாகக் காசு கொடுப்பதில்லையே, நாம் மட்டும் ஏன் கணினி விலைக்குமேல் இன்னொரு விலை கொடுக்க வேண்டும்? அவர்கள் எழுதிய என்விடிஏ இலவசம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், பரப்பலாம். அதோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழையும் பேசும். இன்றைக்குத் தமிழ்நாட்டில் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வரும் பார்வையற்ற மாணவர் ஒரு பழைய மடிக்கணினியில் படிக்க முடிகிறது என்றால் அந்த இரண்டு பேரும் அவர்களோடு சேர்ந்தவர்களும்தான் காரணம்.

ஆக, ஆறு புள்ளியைச் செய்தவர் பார்வையற்றவர். இலவசத் திரைவாசிப்பானைச் செய்தவர்கள் பார்வையற்றவர்கள். இதைக் கருணையின் வரலாறாக எழுதிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பெயர்களை என்ன செய்வார்கள்?

5

கருவி மட்டும் இருந்தால் போதாது, கல்லூரி அதை உள்ளே விட வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1973ல் வந்த மறுவாழ்வுச் சட்டத்தின் 504வது பிரிவு, அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது. கறுப்பின மக்கள் ரத்தம் சிந்தி வாங்கிய 1964ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தின் வாசகத்தை ஒட்டி எழுதப்பட்டது அது. சட்டம் வந்ததே தவிர அதற்கான விதிகளில் நான்கு வருஷமாக யாரும் கையெழுத்துப் போடவில்லை.

1977 ஏப்ரல் 5ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஊனமுற்றவர்கள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள். தொலைபேசியைத் துண்டித்தபோது காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே செய்தி அனுப்பினார்கள். மூன்று வாரத்துக்கு மேல் நடந்த அந்தப் போராட்டத்துக்குத் தினமும் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்கள் பிளாக் பேந்தர் கட்சியினர். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பிராட் லோமாக்ஸ் பேந்தர் கட்சிக்காரர், சக்கர நாற்காலியில் இருந்தவர். அவருக்குத் துணையாகச் சக் ஜாக்சன் என்ற இன்னொரு பேந்தர். எந்தப் பேந்தர்களின் பெயரை 1972ல் மும்பையில் நம் தோழர்கள் எடுத்துக்கொண்டு தலித் பேந்தர் ஆனார்களோ அதே பேந்தர்கள். நம் மேடைகளில் அவர்களுடைய துப்பாக்கியைப் பற்றிப் பேசியிருக்கிறோம், குழந்தைகளுக்குக் காலை உணவு போட்டதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இந்தச் சாப்பாட்டுக் கேரியரைப் பற்றி நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

ஏப்ரல் 28ஆம் தேதி விதிகளில் கையெழுத்தாயிற்று. கல்லூரிகள் ஒலிப்பதிவு செய்த பாடநூல், வாசித்துக் காட்டுபவர், சைகைமொழி பெயர்ப்பாளர் போன்ற துணைகளுக்கு வழி செய்ய வேண்டும் என்றும், வகுப்பில் டேப் ரிக்கார்டர் வைக்கக் கூடாது என்று தடுக்கக் கூடாது என்றும் அந்த விதிகள் வெளிப்படையாகவே சொல்லின.

நம் அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் ஊனம் இல்லை. அதற்கென்று ஒரு சட்டம் வர 1995 ஆயிற்று. கல்வியிலும் வேலையிலும் 3 சதவீதம் என்றது. 2007ல் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்ற பிறகு 2016ல் புதுச் சட்டம் வந்தது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதம், வேலையில் 4 சதவீதம். ஏழு வகையாக இருந்த ஊனங்கள் இருபத்தொன்று ஆயின. நியாயமான தகவமைப்பு என்ற சொல் சட்டத்துக்குள் வந்தது. ஒருவருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்து கொடுக்க மறுப்பதே பாகுபாடு என்று அதற்கு அர்த்தம். சலுகை என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுத்த பதில் இது.

2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. அவர் மருத்துவப் பட்டதாரி. கை நரம்புக் கோளாறால் எழுத முடியாதவர். நாற்பது சதவீத ஊனம் என்ற சான்றிதழ் இல்லை என்பதால் குடிமைப்பணித் தேர்வில் எழுத்தர் மறுக்கப்பட்டார். எழுத்தருக்கு அந்த நாற்பது சதவீதக் கோடு தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது.

புது இருபத்தொன்றில் ஒன்று கற்றல் குறைபாடு. எழுத்து கண்ணுக்குத் தெரியும், ஆனால் மூளையில் கோத்துக்கொள்ளாது. திரையில் வாசித்துக் காட்டும் அதே மென்பொருள் இவர்களுக்கும் உதவும். ஆனால் அதைக் கண்டுபிடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். நகரத்தில் காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எட்டு வயதில் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. நம் சேரிப் பிள்ளைக்கு அதே குறை இருந்தால் என்ன பெயர்? "மக்கு." அதற்கும் மேலே போனால், "இவங்களுக்கெல்லாம் படிப்பு வராதுப்பா." சாதியின் பேரில் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிற தீர்ப்பு இருக்கும்போது பரிசோதனை எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். எத்தனை பிள்ளைகள் இப்படி எட்டாம் வகுப்போடு செங்கல் சூளைக்குப் போனார்களோ, அந்தக் கணக்கை எந்தக் கமிஷனும் எடுத்ததில்லை.

பெயர் விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊனமுற்றோர் என்றார்கள், பிறகு மாற்றுத்திறனாளி என்றார்கள். 2015ல் பிரதமர் 'திவ்யாங்' என்று அழைக்கச் சொன்னார். தெய்வீக உடல் என்று அர்த்தம். நம்மைக் கடவுளின் குழந்தைகள் என்று ஒருவர் அழைத்தது நினைவுக்கு வருகிறது. தெய்வமாக்கப்பட்ட பிறகு உரிமை கேட்பது கஷ்டம். ஊனமுற்றோர் அமைப்புகள் பல அந்தப் பெயரை அப்போதே எதிர்த்தன.

6

இனி நம் ஊருக்கு வருவோம். நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது விடுதியில் என் அறைத்தோழன் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். எங்கள் சனம்தான், ஆனால் வேறு மாவட்டம். தொல்காப்பிய உரையை நான் வாசிக்க அவன் கைபேசியில் பதிவு செய்வான். "மாப்ள, நீ வாசிச்சா உரையாசிரியர் என்னைய திட்டற மாதிரியே இருக்குடா, கொஞ்சம் மெதுவா போ" என்பான். பருவத்துக்கு நானும் இன்னும் இரண்டு பேரும் வாசித்தால்தான் அவனுக்குப் பாடநூல். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் படிப்பு நின்றுவிடும்.

தேர்வுக்கு எழுத்தர் வேண்டும். இலக்கியம் படித்தவர் வந்தால் சொல்லிக் கொடுத்துவிடுவார் என்று கல்லூரியில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பையனைப் பிடித்துக் கொடுத்தார்கள். இவன் 'குறுந்தொகை' என்று சொன்னால் அவன் 'குருந்தொகை' என்று எழுதுவான். "வல்லின றகரம் தம்பி, பெரிய ற" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் சொல்லியாக வேண்டும். ணகரமா னகரமா, ளகரமா ழகரமா என்று சொல்லிச் சொல்லியே கூடுதல் நேரம் தீர்ந்துவிடும். தமிழ்த் தாளில் ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். பிழை எழுதியவன் ஒருவன், மதிப்பெண் இழந்தவன் வேறொருவன். 2013 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் என்றது. எழுத்தருக்குக் கல்வித் தகுதி வரம்பு வைக்கக் கூடாது என்றும் சொன்னது. 2018ல் அதைத் திருத்தி, மாணவர் தானே அழைத்துவரும் எழுத்தர் ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஏமாற்றுவார்கள் என்ற சந்தேகம்தான் காரணம். இந்தச் சந்தேகத்தோடு பார்க்கப்படுவதும் நமக்குப் புதிதில்லை.

கணினி வந்த பிறகு எழுத்தர் பிரச்சனை தீர வழி உண்டு. மாணவர் தானே தட்டச்சு செய்யலாம், திரைவாசிப்பான் படித்துக்காட்டும், பிழை இருந்தால் அது அவருடைய பிழை. அச்சிட்ட தாளில் எல்லாரையும்போல அவர் விடையையும் திருத்தலாம்.

ஆனால் தமிழில் இன்னொரு சுவர் இருக்கிறது. கணினித் தமிழ் நெடுங்காலம் ஆளுக்கொரு ஃபாண்ட் என்று கிடந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டவைத்த ஃபாண்டுகள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்துவைத்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். எந்திரத்துக்கு உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். ஒரு பக்கம் முழுக்க அப்படியே கேட்டுப் பாருங்கள், பைத்தியம் பிடிக்கும். 2010ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ பதிப்பகங்களில், அலுவலகங்களில் பழைய ஃபாண்ட்தான். இன்னொரு பக்கம் பழைய நூல்களைப் படமாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி வைத்திருக்கிறார்கள். படத்தில் எழுத்து இல்லை, திரைவாசிப்பான் ஊமையாகிவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள் இப்போது தமிழுக்கும் வந்துவிட்டது. பழைய அச்சில் காலையும் ரகரத்தையும் குழப்பிக்கொள்ளும், யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்தையும் காப்பியங்களையும் எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தார்கள். பெரிய வேலை, வணங்க வேண்டிய வேலை. அதனால் இன்றைக்குப் பார்வையற்ற மாணவர் சிலப்பதிகாரத்தைத் தானே படிக்க முடிகிறது. ஆனால் தொண்ணூறுகளில் கிளம்பிய தலித் எழுத்தின் பெரும்பகுதி, குறிப்பாகச் சிற்றிதழ்கள், படமாகவோ பழைய ஃபாண்டிலோ கிடக்கிறது. பார்வையற்ற தலித் மாணவருக்குக் கண்ணகி பேசுகிறாள், அவருடைய சொந்தப் பாட்டியின் கதையை எழுதியவர்கள் பேசுவதில்லை.

காப்புரிமை இனி சாக்கு ஆகாது. 2012ல் இந்தியக் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, ஊனமுற்றோர் படிக்கும் வடிவத்துக்கு நூல்களை மாற்ற ஆசிரியரின் அனுமதி தேவையில்லை என்றாயிற்று. லாப நோக்கம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 2013ல் மொராக்கோவின் மராகேஷில் உலக நாடுகள் இதற்காக ஓர் உடன்படிக்கை செய்தன. 2014 ஜூனில் அதை முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் முதலிடம் வாங்கிய நாட்டில்தான் என் அறைத்தோழனைப் போன்றவர்கள் இன்னும் அறைத்தோழரின் தொண்டையை நம்பிப் படிக்கிறார்கள்.

7

இடஒதுக்கீட்டில் ஊனமுற்றோருக்கான பங்கு கிடைமட்டமானது என்று 1992ல் மண்டல் வழக்கின் தீர்ப்பு சொன்னது. அதாவது பட்டியல் சாதிப் பங்குக்குள்ளேயே பட்டியல் சாதி ஊனமுற்றவர் வர வேண்டும். எனவே அவர் நம் கணக்கில் இருப்பவர், நம் சங்கத்தின் பொறுப்பு. மாணவர் அமைப்புகள் விடுதி கேட்கும்போதும், உதவித்தொகை கேட்கும்போதும் இவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பாடத்திட்டம் அச்சாகும் அன்றே எல்லா நூலும் யூனிகோடு எழுத்தில் வேண்டும், படமாக அல்ல. நூலகத்தில் ஒரு ஸ்கேனரும் திருத்த ஓர் ஆளும் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். தேர்வைக் கணினியில் தானே எழுதும் உரிமை வேண்டும். எழுத்தர்தான் வேண்டுமென்றால் அந்தப் பாடத்தின் எழுத்தும் சொல்லும் தெரிந்தவராக இருக்க வேண்டும். கற்றல் குறைபாட்டுச் சோதனை அரசுப் பள்ளியிலேயே இலவசமாக நடக்க வேண்டும்.

எழுத்தாளர்களிடமும் சிற்றிதழ் நடத்துபவர்களிடமும் கேட்பது ஒன்று உண்டு. அச்சுக்கு அனுப்பிய கோப்பு உங்கள் கணினியில் இருக்கும். பழைய ஃபாண்டாக இருந்தால் யூனிகோடுக்கு மாற்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஒரு இதழுக்கு ஒரு சாயங்காலம் ஆகும். மாற்றி, உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் பார்வையற்ற மாணவர்களுக்குக் கொடுங்கள். இந்த இதழிலிருந்தே தொடங்கலாம். அவர்கள் படித்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று கேட்போம். நம் எழுத்தைப் பற்றி அவர்களுக்கும் சொல்ல இருக்கும்.